முதல் மான் வேட்டையும் கைக்கு வந்த இறைச்சியும்: ஸ்காட்லாந்து எஸ்டேட் சேவை ஒன்றின் மதிப்பீடு

ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட்ஸ் மலைப்பகுதியில் மலையும் காடும் அடங்கிய பெருநிலங்களான பல எஸ்டேட்டுகள், ரைபிளை ஒருமுறைகூடத் தொட்டிராதவர்களையும் வழிகாட்டியுடன் ஒரு நாள் மான் வேட்டைக்கு அழைத்துச் செல்லும் கட்டணச் சேவையை நடத்துகின்றன. இன்வர்னஸுக்குத் தெற்கே, கேர்ன்கார்ம் மலைகளின் விளிம்பில் அமைந்த ஓர் எஸ்டேட்டில் டிசம்பர் தொடக்கத்தில் நான் பெற்ற சேவையைப் பற்றியது இம்மதிப்பீடு. சிலர் மட்டுமே நடத்தும் சிறிய இடம் அது; குறைகளை நேரிலேயே சொல்லிவிட்டேன் என்பதால் பெயரைக் குறிப்பிடவில்லை. மலையில் கிடைத்த வழிகாட்டுதலுக்குக் கொடுத்த பணத்தில் ஒரு பவுண்டுகூட வீணில்லை. ஆனால் முதன்முறையாக வேட்டைக்கு வருபவர் கற்க வேண்டியவற்றில் பெரும்பகுதி மான் விழுந்த பிறகுதான் தொடங்குகிறது. இதை என் வழிகாட்டி அறிந்திருந்த அளவுக்கு எஸ்டேட்டின் அலுவலகம் அறிந்திருக்கவில்லை.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மானை வேட்டையாடுவது சிறைத்தண்டனைக்குரிய குற்றம் என்பதால், இப்படியொரு சேவை சட்டப்படி நடக்கிறது என்பதே நம் வாசகர்கள் பலருக்கு வியப்பாக இருக்கும். ஸ்காட்லாந்தின் நிலைமை வேறு. ஓநாய் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அற்றுப்போய்விட்ட அந்நாட்டில் வளர்ந்த மானை அடித்துத் தின்னும் விலங்கு எதுவும் எஞ்சவில்லை; மான்களின் எண்ணிக்கை 10 இலட்சம் அளவில் இருக்கலாம் என்று மதிப்பிடப்படுகிறது; மரக்கன்றுகள் தலைதூக்கும் முன்பே மான்கள் மேய்ந்துவிடுவதால் பைன், பிர்ச் காடுகள் தாமாக மீண்டும் வளர முடிவதில்லை. எனவே ஆண்டுதோறும் எத்தனை மான்களைக் குறைப்பது என்று எஸ்டேட்டுகள் கணக்கிட்டு வைத்திருக்கின்றன. அந்தக் கணக்கில் ஒரு பகுதியைத்தான் விருந்தினர்களுக்கு விற்கிறார்கள். மீதியை ஸ்டாக்கர் எனப்படும் பணியாளர்களே முடிக்கிறார்கள். கொம்புள்ள ஆண் சிவப்பு மானுக்குக் கட்டணம் அதிகம், பிணை எனப்படும் பெண் மானுக்குக் குறைவு. பிணைகளைச் சுடுவதற்கான பருவம் அக்டோபர் 21 முதல் பிப்ரவரி 15 வரை. ஆண் மான்களுக்கு இருந்த தடைப்பருவம் 2023-இல் நீக்கப்பட்டது. சுவரில் கொம்பை மாட்டும் ஆசை இல்லாமல் இறைச்சிக்காகவும் கற்றுக்கொள்வதற்காகவும் போகிறவருக்குக் குளிர்காலப் பிணைப் பருவமே ஏற்றது என்பேன். கைவிரல்கள் மரத்துப்போகும்; ஆனால் ஈக்கள் இல்லை, இறைச்சி விரைவில் கெடும் என்ற அச்சமும் குறைவு.

ஒரு நாள் கட்டணம் 320 பவுண்டு. ரைபிள், தோட்டா, ஸ்டாக்கரின் துணை, சேற்றிலும் ஓடும் எட்டுச் சக்கர ஆர்கோகேட் வண்டி ஆகியவை அதில் அடக்கம், மான் அடக்கமில்லை. பிரிட்டனின் எஸ்டேட்டுகளில் சுடப்பட்ட மான் எஸ்டேட்டுக்கே உரியது என்பதும், சுட்டவர் விரும்பினால் எடைக்கு விலை கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்பதும் நெடுநாள் வழக்கம். வழக்கத்தில் தவறில்லை. ஆனால் அந்த விவரம் முன்பதிவின்போது எங்கும் சொல்லப்படாமல், பணம் கட்டிய பிறகு வந்த உறுதிக்கடிதத்தின் கடைசிப் பத்தியில் ஒளிந்திருந்தது. கிலோவுக்கு 4 பவுண்டு என்று வாங்கியபோது அதற்கு மட்டும் கூடுதலாக 160 பவுண்டுக்கு மேல் ஆனது. நாளின் முடிவில் ஸ்டாக்கருக்கு அன்பளிப்பு கொடுப்பதும் எழுதப்படாத மரபு. முதன்முறையாகப் போகிறவர் இவை எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

உரிமம் இல்லாதவர் எப்படிச் சுடலாம் என்று பலர் கேட்டனர். பிரிட்டனின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டத்தில் பின்னர் சேர்க்கப்பட்ட ஒரு பிரிவு, 17 வயது நிரம்பிய ஒருவர் தனியார் நிலத்தில், உரிமம் பெற்றவர் உடனிருக்க, அவருடைய ரைபிளை இரவலாகப் பயன்படுத்த இடம் தருகிறது. சட்டப்படி நீண்ட சிறைத்தண்டனை பெற்றவர்கள் போன்ற சிலருக்கு இந்தச் சலுகை கிடையாது. அதற்கான உறுதிமொழிப் படிவத்தை எஸ்டேட் முறையாகக் கேட்டு வாங்கியது.

டிசம்பரில் அங்கே காலை எட்டரைக்கு மேல்தான் சூரியன் தோன்றும், பிற்பகல் மூன்றரைக்கெல்லாம் மறைந்துவிடும். அவ்வளவு குறுகிய பகலிலும் முதல் முக்கால் மணி நேரத்தை இலக்குப் பலகையில் செலவிட்டதுதான் இச்சேவையின் மீது எனக்கு முதல் நம்பிக்கையைத் தந்தது. 100 மீட்டர் தொலைவில் பத்து சென்டிமீட்டர் அகல வட்டம். படுத்த நிலையில் மூன்று தோட்டாக்கள். மூன்றும் வட்டத்துக்குள் விழ வேண்டும். "வெளியே போனால் இன்று மலையேறி மான்களைப் பார்த்துவிட்டு வருவோம், சுட மாட்டோம், பணமும் திரும்பாது" என்று ஸ்டாக்கர் மரியாதையாகவே சொன்னார். கடுமையாகத் தோன்றினாலும் இதுவே சரி. பிணை ஒன்றின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த பகுதி அந்த வட்டத்தைவிடப் பெரியதுதான். ஆனால் மலையில் மூச்சிரைப்பும் குளிரும் படபடப்பும் சேரும்போது குறி அகன்றுவிடும், அதற்கு இடம் வைத்தே வட்டத்தைச் சிறிதாக்கியிருக்கிறார்கள். ரைபிள் பாயிண்ட் 308 வகை. ஓசையையும் உதைப்பையும் குறைக்கும் மாடரேட்டர் பொருத்தியது. தோட்டாக்கள் ஈயமில்லாத செம்பு. இந்தத் தேர்வு மலையின் கழுகுகளுக்கும் நம் தட்டுக்கும் எப்படித் தொடர்புடையது என்பது பின்னால் வரும்.

மலையில் ரைபிள் உறைக்குள், தோட்டா அறை காலியாக, ஸ்டாக்கரின் தோளிலேயே இருந்தது. விருந்தினரின் கைக்கு அது வருவது கடைசிச் சில நிமிடங்களில் மட்டுமே. பள்ளத்தாக்கின் அடியில் நின்று நெடுநேரம் தொலைநோக்கியால் மலைமுகத்தைத் துழாவினார். எனக்கு வெறும் பழுப்பு நிற ஹெதர் புதராகத் தெரிந்த சரிவில் ஒரு பிணைக் கூட்டம் படுத்திருப்பதைக் காட்டினார். நேராகப் போனால் முக்கால் மணி நேரத்து ஏற்றம்தான். காற்று வடமேற்கிலிருந்து வீசியதால் அப்படிப் போனால் எங்கள் வாடை எங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடும் என்று சொல்லி, ஓடை வெட்டிய தாழ்வின் வழியே பெரிய வளைவாகச் சுற்றி, மேலிருந்து இறங்கி அணுகத் திட்டமிட்டார். மான்கள் படுத்திருக்கையில் பெரும்பாலும் சரிவின் கீழ்ப்புறத்தைக் கண்ணாலும், முதுகுப் பக்கத்தை மூக்காலும் காவல் காக்கின்றன. கிண்ணம்போல் குடைந்த மலைப்பகுதிகளில் காற்று சுழன்று திசை மாறுவதால் மேலேயிருந்து போனாலும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறை நிற்கும்போதும் அவர் காரணத்தைத் தாழ்ந்த குரலில் விளக்கினார். புதருக்குள்ளிருந்து சிவப்புக் கவுதாரி ஒன்று சடசடத்துப் பறந்தால் அதன் கூச்சலே கூட்டத்தை எழுப்பிவிடும் என்பதால், கவுதாரி அமர்ந்திருக்கும் இடங்களை ஒதுக்கி நடந்தோம். வழிகாட்டியின் கட்டணம் உண்மையில் இதற்குத்தான். நூல்களைப் படித்து இந்த அறிவைப் பெற முடியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கன்னத்தில் காற்று மாறியதைத் தானே உணர்ந்து நிற்கும் பழக்கம் அவரருகில் ஒரு பகல் நடந்ததில் ஓரளவு தொற்றிக்கொண்டது.

உடை பற்றி ஒரு சொல். எஸ்டேட் அனுப்பிய பட்டியலில் 'நீர்புகா உடை' என்று மட்டும் இருந்தது. நைலான் மேலங்கி ஹெதரில் உரசும்போது எழும் சரசரப்பு மான்களுக்கு வெகு தூரம் கேட்கும் என்பதை அங்கே போன பிறகுதான் சொன்னார்கள். பழைய டுவீட் மேலங்கி ஒன்றை இரவல் கொடுத்தார்கள். கடைசி இருநூறு மீட்டரைக் கரிச்சேற்றில் வயிற்றால் ஊர்ந்து கடந்தபோது அந்தக் கம்பளித் துணி முழுக்க நனைந்தும் உடற்சூட்டைக் காத்தது.

சுடுவதற்கு முன் நடந்த மறுப்புகளை நான் பெரிதாக மதிக்கிறேன். முதலில் எழுந்த பிணைக்குப் பின்னால் இன்னொன்று நின்றது. தோட்டா ஊடுருவிச் சென்று அதையும் காயப்படுத்தும் என்பதால் வேண்டாம் என்றார். அடுத்தது மலைமுகட்டில் வானத்தைப் பின்னணியாகக் கொண்டு நின்றது. தோட்டாவைத் தாங்க மண் இல்லாத இடத்தை நோக்கி ஒருபோதும் சுடக் கூடாது என்றார். மூன்றாவது, அந்த ஆண்டு கன்று இல்லாத, முதுகெலும்பு துருத்திய ஒரு முதிய பிணை. தாயைச் சுட்டு, அதை நம்பியிருக்கும் கன்றை விட்டுவிட்டால் குளிர்காலத்தில் கன்று பட்டினியால் சாகும் என்பதால், கன்று இல்லை என்பதை உறுதிசெய்யவே கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தொலைவு 110 மீட்டர். முன்காலின் கோட்டிலேயே மேலேறி, உடலின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில் குறி. சுட்டவுடன் பிணை துள்ளி நாற்பது மீட்டர் ஓடி விழுந்தது. உடனே மறுதோட்டா ஏற்றச் சொல்லி, பத்து நிமிடம் அசையாமல் கிடக்க வைத்தார். பின்னர் அது நின்ற இடத்துக்குப் போய், நுரை கலந்த இளஞ்சிவப்புக் குருதியைக் காட்டி, இது நுரையீரலில் பட்டதற்கு அடையாளம், கருஞ்சிவப்பும் பச்சைத் துணுக்குகளும் இருந்தால் வயிற்றில் பட்டிருக்கும், அப்போது தேடல் நீளும் என்று விளக்கினார். பின்புறமாக அணுகி, குச்சியால் கண்ணைத் தொட்டு, இமைப்பு இல்லை என்று கண்ட பிறகே தோட்டா அறையைக் காலி செய்தார். வாழ்த்துச் சொல்லவில்லை, புகைப்படத்துக்கு அவசரப்படுத்தவும் இல்லை. சற்று நேரம் என்னைத் தனியே விட்டு நகர்ந்து நின்றது தொழில் தெரிந்தவரின் பண்பு.

அடுத்த இருபது நிமிடங்கள்தான் அந்த நாளின் சாரம். கிராலக் எனப்படும் குடல் நீக்கும் பணியை அவர் தொடங்கிவைத்து, பாதியில் கத்தியை என்னிடம் கொடுத்தார். முதலில் மார்பெலும்பின் அடியில் குத்திக் குருதியை வடித்தல். பிறகு கழுத்தில் உணவுக்குழாயை மூச்சுக்குழாயிலிருந்து பிரித்து முடிச்சிடுதல். இதைச் செய்யாவிட்டால் இரைப்பையை இழுக்கும்போது அரைகுறையாகச் செரித்த புல் வழிந்து இறைச்சியில் படும். பின் இரு விரல்களை வயிற்றுத் தோலுக்குள் நுழைத்து, கத்தியின் கூர் மேல்நோக்க, விரல்களுக்கிடையே அலகை வைத்து இடுப்பெலும்பு முதல் மார்பெலும்பு வரை திறத்தல்; விரல்கள் குடலைத் தள்ளிப் பிடிப்பதால் அலகு அதைத் தொடாது. மலக்குடலைச் சுற்றி அறுத்து விடுவித்த பின், இரைப்பையும் குடலும் ஒரே கொத்தாக வெளியே வந்துவிட்டன. ஆட்டு ஈரலை எடுக்கும்போது பித்தப்பை உடைந்துவிடுமோ என்று கவனமாக இருப்பவர்களுக்கு ஒரு செய்தி: மான்களுக்குப் பித்தப்பையே கிடையாது.

குடலை அப்படியே விட்டுவிட்டு நகரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குடல்மடிப்புச் சவ்வில் கோத்திருக்கும் நிணநீர்க் கணுக்களை ஒவ்வொன்றாக விரலால் உருட்டிப் பார்க்கச் செய்தார். வீக்கமோ சீழோ இருந்தால் காசநோயாக இருக்கலாம். அப்படிச் சந்தேகம் எழுந்தால் அரசு விலங்குநல அதிகாரிகளுக்குத் தெரிவிப்பது கட்டாயம். கால்நடைக் காசநோயைப் பொறுத்தவரை ஸ்காட்லாந்து 2009 முதல் நோயற்ற பகுதி என்று அங்கீகரிக்கப்பட்டிருந்தாலும் பார்ப்பதை அவர் விடுவதில்லை. எல்லாம் சீராக இருந்ததால் குடலை மலையிலேயே விட்டோம். பொன்னிறக் கழுகும் அண்டங்காக்கையும் அன்றே தின்றுவிடும். ஈயத் தோட்டா பாயும்போது உடைந்து, கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளாகக் காயத்தைச் சுற்றிய தசையிலும் குடலிலும் சிதறுகிறது. அவற்றைத் தின்னும் கழுகுகளுக்கு அது நஞ்சு, நமக்கும் நல்லதல்ல. செம்புத் தோட்டா பெரும்பாலும் உடையாமல் விரிவதால் இத்தொல்லை குறைகிறது. இந்த விளக்கத்தைக் குருதி தோய்ந்த கையோடு கேட்டதால்தான் மனத்தில் தங்கியது.

எஸ்டேட்டுக்குத் திரும்பிய பிறகு தரம் இறங்கியது. லார்டர் எனப்படும் குளிர்க்கூடம் தூய்மையாகவும் நன்றாகவும் இருந்தது. பின்னங்கால் தசைநாரில் கொக்கி மாட்டித் தொங்கவிட்டு, உதரவிதானத்தை அறுத்து இதயம், நுரையீரல், ஈரல் ஆகியவற்றை எடுத்து, மீண்டும் கணுக்களைச் சோதித்து, எண் வில்லை கட்டி எடை போட்டார்கள்: தலையும் பாதங்களும் நீங்கி, தோலோடு 41 கிலோ. பெருவேட்டை விலங்கின் உடலை 7 பாகை செல்சியஸுக்குக் கீழே குளிர்விக்க வேண்டும் என்பது விதி; வெப்பமானி கதவிலேயே இருந்தது. ஆனால் முன்பதிவின்போது வாக்களிக்கப்பட்ட 'இறைச்சி வெட்டும் அடிப்படைப் பயிற்சி', வேறு விருந்தினர்களின் மான்களும் வந்து சேர்ந்ததால், கால் மணி நேரச் செயல்விளக்கமாகச் சுருங்கியது. வேறொரு மானைத் தோலுரிப்பதை எட்ட நின்று பார்த்தேன், கத்தியைத் தொடவில்லை. ஏன் உடலின் உட்புறத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது என்று கேட்டதற்குக்கூட "அது வழக்கமில்லை" என்பதே பதில்.

அந்தக் கேள்விக்குரிய விடை முக்கியமானது, குறிப்பாக இறைச்சியைப் பலமுறை அலசிப் பழகிய நம் வீடுகளுக்கு. ஈரம் நுண்ணுயிர்களுக்கு வளரும் இடம். குடலிலிருந்து சிறிது கசிந்து ஓரிடத்தில் பட்டிருந்தால் தண்ணீர் அதை உடல் முழுவதும் பரப்பிவிடும். கறை பட்ட பகுதியைக் கத்தியால் சீவி எறிவதே முறை. 2015-இல் ஸ்காட்லாந்தில் மானிறைச்சிப் பொருள்களோடு தொடர்புடைய ஈ. கோலை ஓ157 நோய்ப்பரவல் ஏற்பட்டது. மான் குடலிலும் அந்த நுண்ணுயிர் வாழ முடியும் என்பதால் கிராலக்கில் காட்டிய அத்தனை கவனமும் சமையலறைவரை நீள வேண்டியது. புதியவர்களிடம் இதைச் சொல்ல லார்டரில் ஐந்து நிமிடம் போதும்.

ஒரு வாரம் தோலோடு தொங்கிய பின், உள்ளூர் இறைச்சிக்கடைக்காரர் ஒருவரிடம் கொடுத்து வெட்டித் தரச் செய்தார்கள். அதற்குத் தனிக் கட்டணம். எலும்பு நீக்கிய பிறகு எடை ஏறத்தாழ பாதியானது. வெற்றிட உறைகளில் அழகாக அடைத்திருந்தாலும் எல்லா உறைகளிலும் 'மானிறைச்சி' என்று மட்டுமே எழுதியிருந்தது. இது சிறிய குறை அல்ல. மானின் முதுகுத் தசையும் முன்சந்தும் ஒரே விலங்கின் இறைச்சி என்று நம்ப முடியாத அளவுக்கு வேறுபட்டவை. கொழுப்பு மிகக் குறைவான முதுகுத் தசையை ஆட்டுக்கறிபோல் குக்கரில் ஏற்றினால் நார்நாராக வறண்டுவிடும். சூடான வாணலியில் இருபுறமும் வாட்டி, நடுவில் சிவப்பு இருக்கும்போதே எடுத்துச் சற்று ஆறவிட்டு அறுக்க வேண்டும். முன்சந்து, கழுத்து, கால்தண்டு ஆகியவை சவ்வு நிறைந்தவை. மெல்லிய தீயில் நீண்ட நேரம் கிடந்தால்தான் இளகும், குழம்புக்கும் அவைதான் பொருத்தம். எந்தப் பகுதியானாலும் வெள்ளிநிறச் சவ்வையும் வெளிக்கொழுப்பையும் சீவிவிடுவது நல்லது. மான் கொழுப்பு ஆறியதும் உறைந்து மேலண்ணத்தில் ஒட்டும். அரைத்த இறைச்சியை மட்டும் முழுவதும் வேகவிட வேண்டும், ஏனெனில் மேற்பரப்பில் இருந்த நுண்ணுயிர்கள் உள்ளே கலந்துவிடுகின்றன. முதியது என்பதால் கடினமாக இருக்குமோ என்று ஐயுற்ற இறைச்சி, தொங்கவிட்ட அந்த ஒரு வாரத்தால் நன்றாகவே இளகியிருந்தது. ஈரலை மறுநாளே வெங்காயத்தோடும் மிளகோடும் வறுத்தோம். ஆட்டு ஈரலைவிட மென்மை.

மலைக்கு ஐந்து விண்மீன்கள், லார்டருக்கும் அதன் பிறகான சேவைக்கும் மூன்று. இவ்வகைச் சேவை எதையும் முன்பதிவு செய்பவர், பணம் கட்டும் முன் சிலவற்றை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்: மானின் உடல் யாருக்குரியது, கிலோ விலை என்ன, கிராலக்கில் விருந்தினர் கைவைக்கலாமா, வெட்டும் பயிற்சி எவ்வளவு நேரம், அதே நாளில் வேறு எத்தனை பேர் வருகிறார்கள், தோட்டா ஈயமா, செம்பா. திரும்பியதும் உடலில் உண்ணிகள் உள்ளனவா என்று பார்ப்பதையும் தள்ளிப்போடக் கூடாது. குளிர்காலத்தில் குறைவுதான் என்றாலும் லைம் நோயைப் பரப்புபவை அவையே. என் குறைகளைக் கேட்ட எஸ்டேட் நிர்வாகி, வெட்டும் பயிற்சியை வேட்டையிலிருந்து பிரித்து, மான் தொங்கி முடிந்த பிறகு தனி அரைநாளாக நடத்த எண்ணியிருப்பதாகச் சொன்னார். அதற்கு 80 பவுண்டு கேட்டாலும் கொடுப்பேன். கத்தி என் கையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.